பழைய உயிர்வேலி: பெயர்த்து நடுவதா, எடுத்துவிடுவதா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு கட்டுகிறவர்களும் காம்பவுண்டு சுவர் எழுப்புகிறவர்களும் தோட்ட வேலைக்காரர்களிடம் தவறாமல் கேட்பது இது. வீட்டைச் சுற்றி பத்து, பதினைந்து வருஷமாகச் செம்பருத்தியோ மருதாணியோ கிளுவையோ வேலியாக நிற்கும். திடீரென்று சுவர் கட்ட வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், அல்லது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். அந்த வேலியை அப்படியே தூக்கி வேறு பக்கம் வைக்க முடியுமா, இல்லை வெட்டித் தள்ளிவிடலாமா? இதையொட்டி வரும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கொங்கு நாட்டு மண்ணையும் வெயிலையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் மாதக் கணக்கை மட்டும் தங்கள் ஊர் மழைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், பெயர்த்து நடலாமா கூடாதா?

பெரும்பாலும் வேண்டாம். ஆனால் "அப்படியானால் வெட்டிவிடுகிறேன்" என்று உடனே அரிவாளை எடுக்கவும் வேண்டாம். நம் ஊரில் வேலிக்கு வைக்கும் செடிகளில் முக்கால்வாசி குச்சி வெட்டி நட்டாலே வேர்விடுகிறவை. பழைய செடியின் அடிக்கட்டையைத் தோண்டித் தூக்குவதற்கு ஆகும் கூலியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது, அதன் கிளையை வெட்டிப் புது இடத்தில் நடுவதற்கு. அதுவும் அதே செடிதான், அதே பூ, அதே நிறம். புது வரிசை பிடித்த பிறகு பழையதை எடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் பிறகு ஒரு வருஷம் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியாக நிற்கும் செடியைப் பெயர்த்து நடுகிறார்களே, வேலியை ஏன் முடியாது?

இங்கேதான் பலரும் கணக்குப் பார்க்காமல் இறங்கிவிடுகிறார்கள். ஒரு செடியைப் பெயர்க்கும்போது அதன் தண்டுக் கனத்தைப்போல் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு வேரோடு மண்ணுருண்டை எடுக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பத்து வருஷச் செம்பருத்தியின் அடித்தண்டு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் உருண்டை கிட்டத்தட்ட இரண்டு அடி அகலம் வர வேண்டும். வேலியிலோ செடிக்குச் செடி ஒரு அடிதான் விட்டு நட்டிருப்பீர்கள். அந்த ஒரு அடிக்குள் உங்கள் செடியின் வேரும் பக்கத்துச் செடியின் வேரும் ஜடை பின்னியதுபோல் பின்னிக் கிடக்கும், எது யாருடையது என்று மண்வெட்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு செடியையும் காப்பாற்ற நினைத்தால் ஒவ்வொன்றுக்கும் அரை உருண்டைதான் கிடைக்கும், நாற்பது அடி வேலியின் நாற்பது செடியும் பாதி வேரோடு போய் நிற்கும், முதல் வெயிலில் சுருளும்.

ஆக, வரிசையாக இருப்பதைப் பெயர்க்க ஒரே நியாயமான வழி ஒன்று விட்டு ஒன்றைப் பலி கொடுப்பது. நடுவில் இருக்கும் செடியை வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு அடி கிடைக்கும், இரண்டு அடி உருண்டை சரியாக வரும். நாற்பது அடி வேலியில் இருபது செடி போய்விடும், மிச்சம் இருபதும் பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஈரமண். ஒரு உருண்டை நூற்றைம்பது முதல் இருநூறு கிலோ வரை இருக்கும். ஒன்றைத் தூக்க நான்கு ஆள் வேண்டும், அதையும் உடையாமல் தூக்க வேண்டும்.

அப்படியானால் யாருமே பெயர்த்து நடக்கூடாதா?

நடலாம், சில இடங்களில் நடுவதுதான் சரி. மெதுவாக வளரும் செடி, குச்சியில் வேர்விட அடம் பிடிக்கும் செடி, மொத்தமே ஐந்தாறு செடிதான் இருக்கிறது, போக வேண்டிய தூரமும் பத்தடிதான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நட்டு இரண்டு மூன்று வருஷமே ஆன வேலி என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை, உருண்டை சின்னது, ஒரே ஆள் கோணிச்சாக்கில் கட்டித் தூக்கிவிடுவார். மனசுக்கு நெருக்கமான செடி என்பது இன்னொரு காரணம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வேலி அசிங்கமாக, அடியில் மொட்டையாக இருக்கிறது. எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இடம் வேண்டியிருந்து எடுப்பது ஒன்று, பார்க்க நன்றாக இல்லை என்று எடுப்பது வேறு. இரண்டாவது காரணம் என்றால் முதலில் ஒருமுறை பலமாக வெட்டிப் பாருங்கள். வருஷக்கணக்காக மேல்தலையை மட்டும் கத்தரித்துக்கொண்டே வந்தால் வெளிச்சம் எல்லாம் மேலேயே நின்றுவிடும், அடிக்கிளை காய்ந்து உதிர்ந்துவிடும், வேலி குடை பிடித்த மாதிரி ஆகிவிடும். செடிக்கு நோய் ஒன்றும் இல்லை, வெட்டின முறை அப்படி.

செம்பருத்தி, மருதாணி, டுரான்டா, அரளி, நந்தியாவட்டை, கொடுக்காப்புளி இவை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும். பயமாக இருந்தால் இந்த வருஷம் வீட்டுப் பக்கத்து முகத்தை மட்டும் வெட்டுங்கள், அடுத்த வருஷம் ரோட்டுப் பக்கம். துளிர் வந்ததும் நுனியை அடிக்கடி கிள்ளிவிட்டால் அடர்த்தியாகும். அப்புறம் கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் தலை கொஞ்சம் ஒடுங்கியும் இருக்கும்படி வெட்டுங்கள், அடிவரை வெளிச்சம் விழும்.

சவுக்கும் தூஜாவும் விதிவிலக்கு. தூஜா பச்சை இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். சவுக்கையும் நம்ப முடியாது. அடியில் மொட்டையான தூஜா வரிசைக்கு வைத்தியம் இல்லை, எடுத்துவிடுவதுதான்.

நன்றாக இருக்கிற வேலியை, பக்கத்து வீட்டில் சுவர் கட்டிவிட்டார்கள் என்பதற்காக எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புகிறவர்களும் உண்டு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான் அது. ரோட்டுத் தூசியை இலை பிடித்துக்கொண்டிருந்தது, சுவர் பிடிக்காது.

எந்தச் செடிக்கு என்ன செய்வது?

கிளுவை: கொங்கு நாட்டு வேலி என்றாலே இதுதான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை (மேய்ச்சல் நிலங்களை)ச் சுற்றி மாடு தாண்டாமல் இருக்க வைத்திருப்பது இதைத்தான். பெயர்க்கவே வேண்டாம். போத்து, அதாவது தடித்த கிளைத்துண்டு, வெட்டி நட்டால் போதும். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் காலத்தில் கட்டைவிரல் கனத்துக்குக் குறையாமல், மூன்று நான்கு அடி நீளத்துக்குப் போத்து எடுத்து, முக்கால் அடியாவது மண்ணுக்குள் போகும்படி நெருக்கமாக நட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கதியால் போடுவது என்று இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அங்கேயும் கிளுவை உண்டு, பூவரசும் உண்டு.

செம்பருத்தி, நந்தியாவட்டை, டுரான்டா: மூன்றும் குச்சியில் சுலபம். பழையதை எடுக்கத் தயங்க வேண்டியதே இல்லை. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிய மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2008இல் கோவையில் முதலில் கண்டுபிடித்த பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி மிகப் பிடித்த செடி. பிறகு 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதற்கப்புறம்தான் அது அடங்கியது. பூச்சி இருக்கும் செடியைப் பெயர்த்துப் புது இடத்தில் வைத்தால் பூச்சியையும் சேர்த்துக் குடிவைக்கிறீர்கள். சுத்தமான கிளையாகப் பார்த்துக் குச்சி எடுப்பது மேல்.

மருதாணி: பழைய மருதாணியின் வேர் ஆழமாகவும் கெட்டியாகவும் போயிருக்கும், தோண்டுகிறவர் உங்களைத் திட்டுவார். பென்சில் கனக் குச்சி போதும். வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும் என்பதால், இடம் தேவைப்படாதவரை இதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இட்லிப்பூ: இது கொஞ்சம் யோசிக்க வைக்கும். வளர்ச்சி மெதுவு, குச்சி வேர்விடவும் நேரமாகும். வயதான இட்லிப்பூ வரிசை இருந்தால், ஒன்று விட்டு ஒன்று முறையில் பெயர்த்து நடுவதற்கு நான் சம்மதிப்பேன். ஆனால் புதிதாகப் பூசிய சுவரை ஒட்டி நடாதீர்கள். சிமெண்ட், சுண்ணாம்பு கரைந்து இறங்கும் மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும், இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் வருவது அது.

காகிதப்பூ: வேரைத் தொட்டாலே கோபித்துக்கொள்ளும். பெயர்க்காதீர்கள், குச்சி எடுங்கள்.

கொடுக்காப்புளி, நெட்டிலிங்கம்: கொடுக்காப்புளி விதை போட்டு வளர்ந்த வேலி, ஆணிவேர் எங்கேயோ போயிருக்கும். நெட்டிலிங்கத்தை ஒற்றை வரிசையாகச் சுவரோரம் வைப்பது ஒரு காலத்து வழக்கம், அதுவும் பெரியதானால் அசையாது. இரண்டையும் பெயர்ப்பதாகச் சொல்லிக் கூலி கேட்பவரை நம்ப வேண்டாம். வைத்திருங்கள், இல்லையென்றால் எடுங்கள், நடுவில் வேறு வழி இல்லை.

சீமைக்கருவேலம், உன்னிச்செடி: பெயர்ப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். 1877இல் வெளியிலிருந்து கொண்டுவந்த சீமைக்கருவேலம் இன்றைக்கு எப்படிப் பரவியிருக்கிறது என்று ராமநாதபுரம் போய்ப் பார்த்தால் தெரியும். எடுத்துவிடுங்கள், அதையும் வேரோடு.

குச்சி வெட்டி நடுவதில் பாதி பட்டுப்போகிறது, என்ன காரணம்?

முக்கால்வாசிக் காரணம் குச்சியின் வயது. இளம்பச்சைக் குச்சி அழுகும், மரமாகிப்போன பழைய கட்டை (கிளுவை மாதிரி போத்து வகை தவிர) சோம்பேறித்தனம் பண்ணும். வளைத்தால் வளைந்து கொடுத்து, இன்னும் கொஞ்சம் வளைத்தால் படக்கென்று முறியும் பதம் இருக்கிறதே, அதுதான் வேண்டும். ஆறு முதல் எட்டு அங்குலம், குறைந்தது மூன்று கணு. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேல்பக்கம் நேராக வெட்டுங்கள். இது அழகுக்காக இல்லை. அறுபது குச்சியைக் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டால் எது தலை எது கால் என்று தெரியாது, தலைகீழாக நட்ட குச்சி உங்களை ஒரு மாதம் காக்க வைத்துவிட்டுக் காய்ந்துபோகும். சாய்வு மண்ணுக்குள், நேர்வெட்டு வானத்துக்கு என்று வைத்துக்கொண்டால் வேலையாட்கள் மாறினாலும் குழப்பம் வராது.

கீழ் இலைகளை உருவிவிட்டு, மேலே இரண்டு இலையைப் பாதியாகக் கத்தரித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சொருகுங்கள். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்த பை போதும். நிழல், ஈரம், பொறுமை. மூன்று வாரத்தில் துளிர் வந்ததும் பிடித்துவிட்டது என்று இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சிக்குள் இருக்கும் சேமிப்பை வைத்தே துளிர் வந்துவிடும், வேர் அதற்கப்புறம்தான். பையின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை விடுங்கள். நாற்பது செடி வேண்டுமென்றால் அறுபது பை போடுங்கள்.

கரையான் உள்ள மண்ணில் நேரடியாகப் போத்து நடுகிறவர்கள் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போட்டுவிடுவது நல்லது.

எந்த மாதத்தில் செய்வது?

ஆடியில் காற்றும் சாரலுமாக இருக்கும்போது குச்சி எடுத்துப் பையில் போட்டால், ஐப்பசி மழைக்கு நடத் தயாராக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பிடித்துக்கொள்ளும், பங்குனி வெயிலைத் தாங்கும் வேர் வந்துவிடும். பழைய வேலியைத் தை, மாசியில் எடுக்கலாம், மண் கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும், பூச்சித் தொல்லையும் மழைக்காலத்தைவிடக் குறைவு. பங்குனி தொடங்கி கத்திரி முடியும்வரை பெயர்த்து நடவே நடாதீர்கள். கான்ட்ராக்டர் சித்திரையில்தான் வருவேன் என்கிறார் என்றால் குச்சியை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு வேலியை அவர் கையில் விட்டுவிடுங்கள்.

பெயர்த்துத்தான் ஆக வேண்டும். எப்படிச் செய்வது?

ஒரே நாளில் செய்கிற வேலை இல்லை இது. ஐப்பசியில் எடுப்பதாக இருந்தால் ஆடியிலேயே தொடங்க வேண்டும். உருண்டை வரப்போகும் வட்டத்தில் பாதிக்கு மட்டும் ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் தோண்டி, குறுக்கே வரும் வேர்களைக் கூரான அரிவாளால் சுத்தமாக வெட்டி, மட்கிய எருவும் மணலும் கலந்து மூடிவிடுங்கள். ஆவணிக் கடைசியில் மறுபாதி. வெட்டிய இடத்திலிருந்து சன்னமான புதுவேர் கிளம்பும், தண்ணீர் உறிஞ்சுவது அந்தச் சன்ன வேர்தான், தடித்த வேர் வெறும் குழாய். இதைச் செய்யாமல் எடுக்கும் செடிக்கும் செய்து எடுக்கும் செடிக்கும் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். செம்மண் காய்ந்திருந்தால் உருண்டை கையிலேயே உதிரும், கரிசல் சொதசொதவென்று இருந்தால் வழுக்கிக்கொண்டு பிளக்கும், அதனால் கரிசலுக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிட்டு வடிய விடுங்கள். தலையை மூன்றில் ஒரு பங்காவது, இலை அதிகமென்றால் பாதியாவது வெட்டிக் குறையுங்கள். வேரைக் குறைத்துவிட்டு இலையை அப்படியே விட்டால் செடி குடிக்கிறதைவிட வியர்ப்பது அதிகமாகிவிடும். உருண்டையைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சாக்கைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. புதுக்குழி முதலிலேயே தோண்டித் தயாராக இருக்க வேண்டும். எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், ஒரு அங்குலம் கூடக் கீழே போக வேண்டாம். வேலை சாயங்காலம் நடக்கட்டும்.

நட்டபின் முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர், அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள். அடியில் காய்ந்த சருகு மூடாக்கு, மேலே பச்சை வலை நிழல். உரம் எதுவும் போடாதீர்கள், முதல் மாதம் முடியட்டும்.

இன்னொன்று: வரிசையின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு செடியை முதல் மழைக்கு எடுத்து நட்டுப் பாருங்கள். அது ஆறு வாரம் நின்றால் மற்றதைத் தொடுங்கள்.

நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

இலை கொட்டுவது சாவு இல்லை, சில நேரம் அதுதான் பிழைக்கும் வழி. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நுனியிலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும். மேல்தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொடிப்பொடியாக வந்தால் இன்னும் நான்கு அங்குலம் கீழே சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருங்கள். அடித்தண்டு தரையோடு பழுப்பு என்றால் முடிந்தது கதை.

கவலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதும் கொல்லும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணில் சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது.

எடுப்பதற்கு ஜேசிபியா, ஆளா?

நாற்பது அடிக்கு மேல், வண்டி வர வழி இருக்கிறது, சுவருக்கும் வேலிக்கும் நடுவே மூன்று நான்கு அடி இடைவெளி இருக்கிறது என்றால் ஜேசிபி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் வேலி ஓரமாகத்தான் குடிநீர்க் குழாய் வரும், கழிவுநீர்க் குழாய் போகும், சில வீட்டில் மின்கம்பியும் புதைத்திருக்கும். எதற்கும் மீட்டர் பெட்டியிலிருந்து கோடு போட்டுப் பார்த்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். மேலே மின்கம்பி தொங்கினால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளையைத் தொட வேண்டும். சுவரை ஒட்டிய வேலி என்றால் ஆள் வைத்துத்தான். முதலில் இடுப்பளவு வெட்டிக்கொள்ளுங்கள், மிச்சக் கட்டை நெம்புவதற்குப் பிடி. தரையோடு வெட்டிவிட்டு அப்புறம் வேரைத் தோண்டுகிறவர்கள் இரட்டை வேலை பார்க்கிறார்கள்.

வெட்டிய கட்டை திரும்பத் திரும்பத் துளிர்க்கிறது. உப்பு, மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். உப்பு கட்டையைக் கொல்லுமோ இல்லையோ, அந்த மண்ணைக் கெடுக்கும், அடுத்து அங்கே எதுவும் சரியாக வராது. மண்ணெண்ணெய்யும் அப்படித்தான். கடையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேட்பார்கள், ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு வேலை செய்கிறவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது, வீட்டில் நீங்களே தெளிக்கும் சமாச்சாரம் இல்லை.

தோண்டி எடுக்க முடியாத கட்டைக்கு ஒரே மருந்து விடாப்பிடி. துளிர் விரல் நீளம் வருவதற்குள் ஒடித்துவிடுங்கள், மறுபடி வரும், மறுபடி ஒடியுங்கள். வேரில் சேர்த்து வைத்ததை எல்லாம் அது செலவழித்து முடித்ததும் நின்றுவிடும். கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு மேலே மண் மூடிவிட்டால் இன்னும் சீக்கிரம். சீமைக்கருவேலத்துக்கு இந்தப் பொறுமை பலிக்காது, தரைக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டி வேர்க்கழுத்தையே எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து வரும்.

அரளி, கள்ளி வேலியை எடுக்கும்போது என்ன கவனம் வேண்டும்?

அரளியில் இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே விஷம், இதயத்தைப் பாதிக்கும் விஷம். மாடு தொடாது என்பதால்தான் நெடுஞ்சாலை நடுத்திட்டில் வரிசையாக அதை வைக்கிறார்கள். வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், அந்தப் புகையை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. காய்ந்த சருகும் விஷம்தான், ஆட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பு நேராக இருக்கிறதே என்று பந்தலுக்கும் அடுப்புக்கும் எடுத்துப்போகிறவர்களைத் தடுத்துவிடுங்கள்.

திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கிப்போகும் அளவுக்கு எரியும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் அரிவாள் போடவே வேண்டாம். பட்டுவிட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள். டுரான்டாவின் மஞ்சள் பழம் குழந்தைகளை இழுக்கும், அதுவும் விஷம். சின்னப் பிள்ளைகளும் நாயும் இருக்கும் வீட்டில் டுரான்டா வேலியை எடுத்துவிடலாமா என்று கேட்டால், பழம் வைக்கவிடாமல் பூவிலேயே கத்தரிக்க முடிந்தால் வைத்திருங்கள், முடியாதென்றால் எடுங்கள் என்பேன்.

வேலிக்குள் பாம்பு இருக்கும் என்கிறார்கள்.

இருக்கலாம். எலி, ஓணான் இருக்கும் இடத்துக்குச் சாரை வரும், அடியில் சருகு மண்டிக் கிடந்தால் விரியனும் தங்கும். பாம்புக்குப் பயந்து வேலியையே எடுக்கத் தேவையில்லை, தரையிலிருந்து ஒரு அடிவரை கிளையை எடுத்துவிட்டு அடியைப் பெருக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எடுக்கும் நாளில் ஒரு ஓரத்திலிருந்து சத்தம் போட்டு, கம்பால் தட்டிக்கொண்டே மறு ஓரத்துக்குப் போங்கள், இரண்டு முனையிலிருந்தும் நெருக்கினால் அது நடுவில் சிக்கும். கண்ணில் பட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், 101.

குருவிக்கூடும் பாருங்கள். தையல்சிட்டு இலையைத் தைத்து உள்ளே கட்டியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுருண்ட இலை மாதிரி தெரியும். இலை ஓரத்தில் பஞ்சு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கூடு. செம்போத்தும் அடர்ந்த வேலியில் கட்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

வேலி எல்லையிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டுமா?

கேளுங்கள், எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். வேலி நிற்கும்வரை எல்லை எங்கே என்று யாரும் பேச மாட்டார்கள், எடுத்த மறுநாள் இரண்டு வீட்டுக்காரரும் டேப்போடு நிற்பார்கள். முப்பது வருஷ வேலி இரண்டு பக்கமும் பருத்து மூன்றடி அகலமாகியிருக்கும், நடுத்தண்டு எங்கே இருந்தது என்பதுதான் எல்லைக்கு ஒரே அடையாளமாக இருந்திருக்கும். ஆகவே முதலில் அளவுக்கல்லைத் தேடுங்கள், பெரும்பாலும் வேரோடு புதைந்துபோய் அடியில் கிடக்கும். எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவை வரைபடத்தை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். கல் கிடைக்கவில்லை என்றால் சர்வேயரை அழைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் ஜேசிபி. ஆளுக்கொரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, வேலி நிற்கும்போதே, டேப் பிடித்தபடி. சர்வே கல்லைப் பிடுங்குவது 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி குற்றம், ஜேசிபி டிரைவருக்கு அதெல்லாம் தெரியாது, நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும்.

அம்மா வைத்த மருதாணி வேலி. எடுக்க மனசு வரவில்லை, ஆனால் போர்டிகோ கட்ட வேண்டும்.

வரிசை முழுவதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். நல்ல நிறம் தருகிற, அடித்தண்டு ஆரோக்கியமான ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு இரண்டு பக்கமும் உள்ளதை எடுத்துவிட்டு மேலே சொன்ன முறையில் பொறுமையாகப் பெயர்த்து நடுங்கள். கூடவே அதே வரிசையிலிருந்து பத்துக் குச்சி பையில் போட்டு வையுங்கள், அக்கா தங்கை வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொடுக்கலாம். பெயர்த்தது பட்டுப்போனாலும் குச்சியில் வந்தது அம்மா வைத்த அதே செடிதான்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் வேலியை எடுக்கச் சொல்கிறார், செலவு என்னுடையதாம்.

எழுதி வாங்குங்கள். குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையில் கை வைக்காதீர்கள்.

எடுத்த இடத்தில் உடனே புது வேலி வைக்கலாமா?

அதே கோட்டில்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு மழை விட்டு வைப்பது நல்லது. பத்து வருஷம் ஒரே செடி உறிஞ்சிய மண், போதாக்குறைக்கு அறுந்த வேர் எல்லாம் உள்ளே மட்கிக்கொண்டிருக்கும், கரையானுக்கு விருந்து. கட்டை எடுத்த பள்ளத்தை ஒரேயடியாக மூடாமல் ஒரு வாரம் வெயில் காய விட்டு, கையில் வரும் வேரையெல்லாம் பொறுக்கிவிட்டு, தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடுங்கள். இடையில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதாலும் சரி, மண்வெட்டியால் கொத்திப் புரட்டினாலும் சரி. கரிசல் மண்ணில் மண் இறங்கி மட்டமாக ஒரு மழைக்காலம் பிடிக்கும், அதற்குள் அந்த ஓரத்தில் சிமெண்ட் தளம் போட்டால் விரிசல் விடும். புதிதாக நடும்போது சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நடுங்கள், பின்னால் போய் வெட்டுவதற்கு ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும்.